ஏசித் தண்ணீருக்கு முதலில் வழி பாருங்கள்

புதிதாக வீடு கட்டுகிறவர்கள் ஏசிக்கான பிளக் பாயின்ட் எங்கே, இன்டோர் யூனிட் எந்தச் சுவரில், அவுட்டோர் யூனிட் எந்த சன்ஷேடில் என்பதையெல்லாம் முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறார்கள். தண்ணீர் எந்த வழியாக வெளியே போகும் என்ற கேள்வி மட்டும் மெக்கானிக் ஏணி போட்டு ஏறிய பிறகுதான் வருகிறது. அதற்குள் பட்டி பார்த்து பெயின்ட் அடித்து முடிந்திருக்கும். சுவரில் காடி எடுக்க மனசு வராது. "பரவாயில்ல சார், ஹோஸை அப்படியே ஜன்னல் வழியா விட்டுடலாம்" என்று ஒரு யோசனை வரும். அடுத்த கோடையில் சுவரில் ஈரம், கட்டிலில் சொட்டு, கீழ்வீட்டுக்காரரோடு மனஸ்தாபம் எல்லாம் அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

என் கருத்து இதுதான்: இன்டோர் யூனிட் எங்கே மாட்டுவது என்பதைக் கட்டிலோ டிவியோ முடிவு செய்யக் கூடாது, தண்ணீர் முடிவு செய்ய வேண்டும். பவர் கேபிளை எப்படி வேண்டுமானாலும் வளைக்கலாம், காப்பர் பைப்பையும் ஓரளவு மேலே கீழே கொண்டுபோகலாம். தண்ணீர் மேட்டில் ஏறாது.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

ஏசிக்குள் நாம் தண்ணீர் ஊற்றுவதில்லை. குழாய் இணைப்பும் கிடையாது. அறையின் காற்றில் இருக்கும் ஆவிதான் தண்ணீராக மாறுகிறது. ஐஸ் வாட்டர் ஊற்றிய டம்ளரின் வெளிப்பக்கம் வியர்க்கிறதல்லவா, அதே சங்கதிதான் இன்டோர் யூனிட்டுக்குள் இருக்கும் காயிலிலும் நடக்கிறது.

சென்னையில் ஒரு புழுக்கமான மாலையை எடுத்துக்கொள்வோம். வெப்பம் 30 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம். அந்தக் காற்று ஒரு கன மீட்டரில் ஏறக்குறைய 21 கிராம் ஆவியைச் சுமந்திருக்கும். அதைச் சுமார் 24 டிகிரிக்குக் கீழே குளிரவைத்தால் ஆவி பனித்துளியாகிவிடும். ஏசி காயிலோ 10 டிகிரி அளவில் இருக்கிறது. காற்று அதன் மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கு நடுவே நுழைந்து வரும்போது ஆவியின் ஒரு பகுதி அந்தத் தகடுகளிலேயே தங்கி, துளித்துளியாக வழிந்து, கீழே உள்ள ட்ரேயில் சேர்கிறது. ட்ரேயின் ஓரத்தில் இருக்கும் சிறு மூக்கு வழியாக ட்ரெயின் ஹோஸுக்குள் இறங்கி வெளியே போகிறது.

பன்னிரண்டுக்குப் பத்து அடி அறை, உயரம் பத்து அடி என்றால் அதன் கொள்ளளவு சுமார் 34 கன மீட்டர். மேலே சொன்ன காற்று அதில் நிரம்பியிருந்தால், கண்ணுக்குத் தெரியாமல் கிட்டத்தட்ட 700 மில்லி தண்ணீர் அந்த அறைக்குள் மிதந்துகொண்டிருக்கிறது. அதில் பாதியை ஏசி சீக்கிரமே பிடித்துவிடும். அதன் பிறகும் தண்ணீர் வந்துகொண்டே இருக்கக் காரணம் உண்டு. கதவிடுக்கு வழியாக வெளிக்காற்று நுழைகிறது. தூங்குகிறவர்களின் மூச்சிலும் தோலிலும் இருந்து ஆவி கிளம்புகிறது. பக்கத்தில் ஈரமான பாத்ரூம் இருக்கிறது. கதவு மூடிய படுக்கையறையில் மணிக்குக் கால் லிட்டர் இறங்கினால், ஆட்கள் போய் வரும் ஹாலில் ஒரு லிட்டருக்கு மேலும் இறங்கலாம். கோயம்புத்தூரின் வறண்ட கோடை மாலையில் அதே ஏசி இதைவிடக் குறைவாகவே தண்ணீர் விடும். ஆகவே தண்ணீர் அதிகமாக வருவது கோளாறு இல்லை. கடலோர ஊரில் அது இயல்பு.

இந்த வேலைக்கும் மின்சாரம் செலவாகிறது. ஆவியிலிருந்து ஒரு லிட்டர் தண்ணீர் பிடிக்க, ஒன்றரை டன் ஏசி ஒரு மணி நேரம் இறக்கும் குளிர்ச்சியில் எட்டில் ஒரு பங்கு போய்விடும். வீண்செலவு என்று நினைக்க வேண்டாம். காற்று காய்ந்தால்தான் வியர்வை உலரும், உடம்புக்கு இதமாக இருக்கும். 1902இல் வில்லிஸ் கேரியர் முதல் நவீன ஏசியை வடிவமைத்ததே மனிதர்களுக்காக அல்ல. நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகத்தில் காகிதம் ஈரத்தில் ஊதி, ஒரு நிறத்தின் மேல் இன்னொரு நிறம் சரியாகப் பொருந்தாமல் போனது. காற்றின் ஈரத்தைக் கட்டுக்குள் வைக்கத்தான் அந்த இயந்திரம் வந்தது. ஈரத்தை எடுப்பது ஏசியின் பக்கவிளைவு அல்ல, அதன் மூல வேலை.

வாட்டம்

ட்ரெயின் பைப்புக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: ஆரம்பம் முதல் முடிவு வரை விடாத வாட்டம், அதாவது சரிவு. ஒரு மீட்டர் நீளத்துக்குக் குறைந்தது ஒரு சென்டிமீட்டர் இறக்கம் வேண்டும். இடம் இருந்தால் இரண்டு கொடுங்கள். நான்கு மீட்டர் தள்ளிப் பால்கனிக்குக் கொண்டுபோகிறீர்கள் என்றால், அங்கே போய்ச் சேரும்போது பைப் குறைந்தது நான்கு, முடிந்தால் எட்டு சென்டிமீட்டர் கீழே இருக்க வேண்டும். தளம் போடும்போது கொத்தனார் ட்யூப் லெவல் பிடித்துப் பார்ப்பது போல இதையும் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணால் பார்த்து "சரியாத்தான் இருக்கு" என்று சொல்லும் பைப்தான் பிறகு அடைக்கிறது.

ஸ்ப்ளிட் ஏசியோடு வருவது சுருள்சுருளான வளையும் ஹோஸ். எப்படி இழுத்தாலும் வரும் என்பதுதான் அதன் வசதி, அதுதான் அதன் குறையும். கொஞ்சம் தொங்கவிட்டால் நடுவில் தொய்ந்து தொட்டில் கட்டிவிடும். அந்தத் தொய்வில் எப்போதும் தண்ணீர் நிற்கும், அழுக்கு படியும். இரண்டு இடத்தில் தொய்ந்தால் இன்னும் மோசம். இரண்டு தேக்கங்களுக்கு நடுவே காற்று சிக்கிக்கொள்ளும். அடைப்பே இல்லாமல்கூட தண்ணீர் நகராது. இதை மெக்கானிக்குகள் ஏர் லாக் என்பார்கள். எனவே சுவருக்குள்ளும் நீண்ட தூரத்துக்கும் வளையும் ஹோஸ் வேண்டாம். விறைப்பான பிவிசி பைப் போடுங்கள். ஒரு யூனிட்டுக்கு 25 மி.மீ. தாராளம். யூனிட்டில் இருந்து பிவிசி வரைக்கும் மட்டும் சிறு துண்டு ஹோஸ் போதும்.

பைப் போகும் பாதையைப் போலவே சுவரில் போடும் துளையும் முக்கியம். மெக்கானிக் டிரில் மெஷினை நேராகப் பிடித்தால் துளை சமமாகத்தான் வரும். வெளிப்பக்கம் அரை முதல் ஒரு சென்டிமீட்டர் தாழ்ந்திருக்கும்படி சாய்த்துத் துளைக்கச் சொல்லுங்கள். இதனால் ஹோஸுக்கு வாட்டம் கிடைப்பதோடு, ஐப்பசி கார்த்திகை மழையில் சாரல் அடிக்கும்போது துளை வழியாகத் தண்ணீர் உள்ளே வராது. அடுத்து, இரண்டு காப்பர் பைப், ஒரு ஒயர், ட்ரெயின் ஹோஸ் எல்லாவற்றையும் சேர்த்து டேப் சுற்றுவார்கள். அந்தக் கட்டுக்குள் ட்ரெயின் ஹோஸ் அடியில் இருக்க வேண்டும். மேலே இருந்தால் காப்பர் பைப்பின் மேல் ஏறி இறங்கிப் போகும், அல்லது நசுங்கும்.

பல இன்டோர் யூனிட்டுகளில் ட்ரேக்கு இடமும் வலமும் வாய் இருக்கும். எந்தப் பக்கம் வசதியோ அந்தப் பக்கம் ஹோஸ் மாட்டி, மறுபக்கத்தை ஒரு சிறு ரப்பர் மூடியால் அடைப்பார்கள். பக்கம் மாற்றும்போது அந்த மூடியைச் சரியாக அழுத்தாமல் விட்டால் முதல் நாளே சுவர் நனையும். வேலை முடிந்தது என்று மெக்கானிக் சொன்னதும், டேப் சுற்றுவதற்கு முன்பே, முன்மூடியைத் திறந்து ட்ரேயில் ஒரு சொம்பு தண்ணீர் மெதுவாக ஊற்றச் சொல்லுங்கள். நீங்கள் வெளியே போய் நின்று பாருங்கள். ஊற்றிய தண்ணீர் தயங்காமல் வந்து விழுந்தால் சரி. முழுதும் விழுவதற்குள் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

எங்கே கொண்டுபோய் விடுவது?

பாத்ரூம் அல்லது பால்கனியில் இருக்கும் தரை ஜாலிக்கு மேலே விடுவதே நல்லது. பைப்பின் முனைக்கும் தரைக்கும் நடுவே ஐந்து சென்டிமீட்டராவது இடைவெளி வேண்டும். முனை தண்ணீரில் முங்கியிருந்தால் காற்று வெளியேற வழியில்லாமல் ஓட்டம் திணறும்.

கழிவுநீர் பைப்பில் நேரடியாக இணைப்பது தவறு. சாக்கடை வாயு அந்த வழியாகவே மேலேறி, ஏசி வழியாக அறைக்குள் வரும். நாற்றத்தோடு போகாது, அந்த வாயுக்கள் காயிலின் காப்பரையும் அரிக்கும். மழைநீர் பைப்பில் சொருகுவது இன்னொரு வழக்கம். சாதாரண நாளில் பிரச்சினை இராது. மொட்டைமாடித் தண்ணீர் முழுவதும் அந்தப் பைப்பில் பாய்ந்து, கீழே எங்காவது இலைதழை அடைத்துக்கொண்டால், மழைத் தண்ணீர் ஏசி வழியாகப் படுக்கையறைக்குள் இறங்கும்.

வெளியே சும்மா தொங்கவிடுவதைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். அடுக்குமாடியில் இதனால் வரும் சண்டைகள் அதிகம். இரண்டாம் மாடியில் இருந்து இரவெல்லாம் விழும் சொட்டு, முதல் மாடி சன்ஷேடின் தகரத்தில் டங் டங் என்று அடிக்கும். கீழே தூங்குகிறவர்களுக்கு அது கொடுமை. ஓயாமல் நனையும் சுவரில் பாசி பிடிக்கும், பெயின்ட் உரியும், கீழே உள்ள அவுட்டோர் யூனிட்டின் ஸ்டாண்டு துருப்பிடிக்கும். எல்லா வீட்டு ஏசிக்கும் பொதுவாக ஒரு 40 மி.மீ. பைப்பை மேலிருந்து கீழ்வரை இறக்கி, மேல்முனையைக் காற்றுக்குத் திறந்துவைத்தால் எல்லாருக்கும் தீர்ந்தது. ஒவ்வொரு வீட்டு இணைப்பும் அதில் மேலிருந்து கீழாகச் சாய்வாகச் சேர வேண்டும். கட்டும்போதே பில்டரிடம் கேட்டு வாங்க வேண்டிய வசதி இது. குடிபோன பிறகு சாரம் கட்டிச் செய்ய வேண்டியிருக்கும்.

ஃபால்ஸ் சீலிங்குக்குள் இருக்கும் யூனிட்

இப்போது பெரிய வீடுகளில் டக்ட் வழியாகக் காற்று தரும் யூனிட்டை ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே மறைத்து வைக்கிறார்கள். இதில் விதிகள் கொஞ்சம் மாறும். பல மாடல்களில் காயிலுக்குப் பின்னால் ப்ளோயர் இருந்து காற்றை இழுக்கும். அந்த இழுப்பு ட்ரே இருக்கும் இடத்திலும் இருக்கும். ட்ரெயின் வாய் வழியாக வெளிக்காற்றை அது உறிஞ்சிக்கொண்டே இருந்தால் தண்ணீர் இறங்க முடியாமல் ட்ரேயிலேயே நின்று வழியும். அதைத் தடுக்கத்தான் யூனிட்டுக்குப் பக்கத்திலேயே பைப்பை யூ வடிவில் வளைத்து ஒரு ட்ராப் வைக்கிறார்கள். வளைவில் நிற்கும் தண்ணீர் காற்றை அடைத்து, சேரும் தண்ணீரை மட்டும் வெளியே விடும். எவ்வளவு ஆழம் என்பது ப்ளோயரின் இழுப்பைப் பொறுத்தது. யூனிட்டோடு வரும் கையேட்டில் படம் போட்டிருப்பார்கள், அதையே பின்பற்றுங்கள். சுவரில் மாட்டும் ஸ்ப்ளிட்டுக்கு இந்த வளைவு வேண்டாம். ஒன்றுக்குச் சரியானதை மற்றொன்றுக்குச் செய்துவிட்டுத் தலையைப் பிய்த்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள்.

சீலிங்குக்குள் ஓடும் ட்ரெயின் பைப்புக்கும் கறுப்பு ரப்பர் இன்சுலேஷன் சுற்ற வேண்டும். உள்ளே ஓடுவது குளிர்ந்த தண்ணீர்; சுற்றாத பைப் வெளியிலும் வியர்த்து ஜிப்சம் பலகையில் பழுப்பு வட்டம் போடும். யூனிட்டுக்கு அடியில் இரண்டாவதாக ஒரு ட்ரேயும், அதில் தண்ணீர் ஏறினால் ஏசியை நிறுத்திவிடும் ஃப்ளோட் சுவிட்சும் வைத்துவிடுங்கள். சீலிங்கைப் பிரித்து மறுபடி போடும் செலவோடு பார்த்தால் அது ஒரு செலவே இல்லை. சீலிங்கில் ஆள் கை நுழையும் அளவுக்குக் கதவு வைக்கவில்லை என்றால், இவ்வளவும் செய்தும் சர்வீஸ் பார்க்க முடியாது.

அடைப்பு எப்படி உண்டாகிறது?

ட்ரேயின் மூக்கில் விரலை விட்டுப் பார்த்தால், நன்றாகப் பராமரிக்காத ஏசியில் ஜெல்லி போல வழவழவென்று ஒன்று விரலில் ஒட்டிக்கொண்டு வரும். சாம்பலும் பழுப்பும் கலந்த நிறம், லேசான புளித்த வாடை. ஃபில்டரைத் தாண்டி வந்த தூசு, துணிப் பஞ்சு, தலைமுடி, அவற்றின் மேல் வளர்ந்த பாக்டீரியா, பூஞ்சை எல்லாம் சேர்ந்தது அது. இருட்டு, ஈரம், தூசு மூன்றும் ஒரே இடத்தில் இருப்பதால் அங்கே அது கொழிக்கிறது. இந்தக் கூழ்தான் மெல்ல நகர்ந்து, ஹோஸ் வளையும் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

வெளிமுனையில் வேறு ஆட்கள் உண்டு. குளவிக்கு ஹோஸின் வாய் பிடித்த இடம். ஏசி போடாத மாதங்களில் ஈரமண்ணைக் கொண்டுவந்து உள்ளே கூடு கட்டி மூடிவிடும். மார்ச்சில் ஏசியைப் போட்டதும் அறைக்குள் தண்ணீர் வழிந்தால் முதலில் வெளியே போய் முனையைப் பாருங்கள். ஒரு குச்சியால் காய்ந்த மண்ணைச் சுரண்டி எடுத்தாலே வேலை முடிந்துவிடுவதுண்டு. முனையில் சிறு பிளாஸ்டிக் வலை கட்டினால் குளவியும் பல்லியும் நுழையாது. ஆனால் வலையிலேயே கூழ் படியும், மாதம் ஒருமுறை துடைக்க வேண்டும்.

கூழைக் குறைக்க ஒரே வழி ஃபில்டர். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழற்றிச் சாதாரணத் தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்து மாட்டுங்கள். மெயின் ரோட்டு வீடு அல்லது பக்கத்தில் கட்டட வேலை நடக்கிறது என்றால் வாரம் ஒருமுறை. அடைத்த ஃபில்டர் காற்றோட்டத்தைக் குறைக்கும், காயில் அளவுக்கு மீறிக் குளிர்ந்து ஐஸ் கட்டும். இந்த ஒரு வேலையை வீட்டில் யாரும் செய்யலாம்.

காயில், ப்ளோயர், ட்ரே மூன்றையும் ஆண்டுக்கு இருமுறை மெக்கானிக்கை வைத்துக் கழுவுங்கள். கோடைக்கு முன் ஒன்று, மழைக்காலம் முடிந்ததும் ஒன்று. பை கட்டி ஜெட் பம்பால் காயிலை மட்டும் அடித்துவிட்டுக் கிளம்புகிறவர்கள் உண்டு. உருளை வடிவ ப்ளோயரின் இதழ்களில் கறுப்பாகப் படிந்திருப்பதைக் கழுவச் சொல்லுங்கள். ஏசி போட்டதும் வரும் ஈரத்துணி வாடை பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது. ஆசிட், பிளீச்சிங் பவுடர் எதையும் காயிலில் படவிடாதீர்கள், அலுமினியத் தகடு அரித்துப் போகும். ஹோஸில் அடைப்பு என்றால், ஈரம் உறிஞ்சும் வேக்குவம் கிளீனரை வெளிமுனையில் வைத்து இழுப்பது நல்லது. உள்ளிருந்து ஊதினால் சில நேரம் ஹோஸ் இணைப்பே கழன்றுகொள்ளும். எதைச் செய்வதானாலும் ரிமோட்டில் அணைத்தால் போதாது, ஏசிக்கு வரும் மின்சாரத்தை நிறுத்தும் எம்சிபி சுவிட்சை இறக்குங்கள்.

தண்ணீர் சொட்டும் இடமே பாதி பதில்

மாட்டிய சில நாட்களிலேயே ஒழுகினால் வாட்டம், துளை, ரப்பர் மூடி இவற்றில் ஒன்று. ஓராண்டு நன்றாக ஓடிவிட்டு ஒழுகினால் அடைப்பு. யூனிட்டின் ஒரு மூலையில் மட்டும் சொட்டினால், ரசமட்டம் வைத்துப் பாருங்கள். பின்தகடு ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். பின்னால் சுவரோடு கோடு போட்டு இறங்கினால் ஹோஸ் இணைப்பு விட்டிருக்கும், அல்லது காப்பர் பைப்பின் இன்சுலேஷன் கிழிந்து பைப் வியர்க்கிறது. காற்று வரும் வாயிலிருந்து துளிகள் தெறித்தால் காயிலும் ப்ளோயரும் அழுக்கு, அல்லது கதவைத் திறந்துவைத்துக்கொண்டே ஓட்டுகிறீர்கள்.

ஏசியை நிறுத்திய பிறகு ஒரேயடியாகக் கொட்டினால் அது ஐஸ் உருகும் தண்ணீர். ஃபில்டரும் காயிலும் சுத்தமாக இருந்தும் ஐஸ் கட்டினால்தான் கேஸ் குறைந்திருக்குமோ என்று சந்தேகிக்க வேண்டும். தண்ணீர் ஒழுகுகிறது என்றதுமே "கேஸ் அடிக்கணும்" என்று சொல்கிறவரிடம், ஐஸ் எங்கே என்று காட்டச் சொல்லுங்கள். கேஸ் பெட்ரோல் போலத் தீர்ந்துபோகிற பொருள் இல்லை. மூடிய பைப்புக்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. குறைந்தால் எங்கோ கசிகிறது. கசிவைக் கண்டுபிடித்து அடைக்காமல் கேஸ் நிரப்பினால் அடுத்த கோடையிலும் அதே பில்தான்.

அந்தத் தண்ணீரை என்ன செய்யலாம்?

செடிக்கு ஊற்றலாம், வீடு துடைக்கலாம், பாத்ரூமில் ஊற்றலாம். உப்பு இல்லாத தண்ணீர் என்பதால் போர் தண்ணீரைப் போல வெள்ளைக்கறை விடாது. குடிக்கவோ சமைக்கவோ கூடாது. அது தூசும் பூஞ்சையும் படிந்த காயிலில் வழிந்து வந்த தண்ணீர். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு இதை ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். உப்பில்லாதது என்றாலும் காயிலின் உலோகத்தையும் அழுக்கையும் கலந்துகொண்டு வருவதால், காய்ச்சி வடித்த தண்ணீருக்கு இது ஈடாகாது. பேட்டரிக்குக் கடையில் விற்கும் தண்ணீரையே வாங்குங்கள்.

பக்கெட் வைத்துப் பிடிப்பதானால் தினமும் காலியாக்குங்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுவது இந்த மாதிரி தெளிந்து தேங்கிய தண்ணீரில்தான். முட்டை கொசுவாகிப் பறக்க ஒரு வாரம் பத்து நாள் போதும். தண்ணீரைக் கொட்டியதோடு விடாமல் பக்கெட்டின் உட்சுவரை வாரம் ஒருமுறை பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே அங்கேதான் ஒட்டிக்கொண்டிருக்கும்.